பச்சை விளக்கு எரியும்வரை முடிவு சொல்லப்படாது

பயப்படுகிறவனுக்கு முடிவு சொல்லமாட்டார்களாம். முடிவு தெரியாததால்தானே பயமே என்று கேட்டேன். எதிரே இருந்த பெண் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, "உங்க பயத்தை நாங்க மதிக்கிறோம் சார். முதல்ல அதை நிறுத்துங்க, அப்புறம் பேசலாம்" என்றார். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'ஆறுதல் அலுவலர், முதல் நிலை' என்று போட்டிருந்தது. அட்டையில் இருந்த படத்தில் இடது தோள் இறங்கியிருந்தது. எடுத்தவன் கவனிக்கவில்லை.

உயிர் போகிற நேரத்திலும் எனக்கு இதெல்லாம்தான் கண்ணில் படும். நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவன். பாஸ்போர்ட், லைசென்ஸ், அடையாள அட்டை என்று ஊரில் பாதிப் பேரின் முகம் என் கையால் விழுந்ததுதான். ஒரு வருடமாக ஒரு தொல்லை. ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து, தாடையை இறக்கச் சொல்லி, தோளை நேராக்கி, "அப்படியே இருங்க, அசையாதீங்க" என்பேன். அந்த நொடியில் எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வரும். கேமராவை விட்டுவிட்டுப் பின்பக்கம் ஓடுவேன். போய் நின்றால் வராது. சுவரைப் பார்த்துக்கொண்டு கெஞ்ச வேண்டும். திரும்பி வந்தால் அந்த ஆள் சொன்ன சொல் தட்டாமல் சிலைபோல உட்கார்ந்திருப்பார். "ஏங்க, என்னையே கைது பண்ணி வச்சுட்டுப் போயிட்டீங்க" என்று ஒரு போலீஸ்காரர் கோபித்துக்கொண்டார்.

"நீங்க எடுக்குற படத்தைவிட ஓடுற ஓட்டந்தான் ஜாஸ்தியா இருக்கு. ஒழுங்கா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்று என் மனைவி நச்சரித்தாள். கிளம்பினேன்.

சோதனைகளில் ஒரு குறை சொல்லமாட்டேன். மளமளவென்று நடந்தன. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்றைப் பார்த்தார்கள், இருக்கவேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு விரலால் சோதித்தார். அதற்கு அந்த ஆஸ்பத்திரியில் 'நட்புப் பரிசோதனை' என்று பெயர். அப்படி ஒரு நட்பை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. அடுத்து ஸ்கேன். அதற்கும் அடுத்து, ஊசியை உள்ளே விட்டுத் துணுக்குத் துணுக்காகச் சதை எடுத்தார்கள். ஒவ்வொரு துணுக்குக்கும் ஸ்டேப்ளர் அடிப்பதுபோல ஒரு சத்தம். கொசு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்றார்கள். அந்தக் கொசு எங்கே கடித்தது என்பதைத்தான் வீட்டில் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

பிறகு, முடிவு வந்துவிட்டது, நேரில் வரவும் என்று போன் வந்தது. அங்கேதான் என்னைச் சனி பிடித்தது.

முடிவு கேட்க வந்தவர்களுக்கென்று ஒரு தனிக் கூடம். சுவரெல்லாம் சிரிக்கிற முகங்கள். வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு விருது: 'பயமில்லா மருத்துவமனை'. உள்ளே நுழைந்ததும் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிவிடுவார்கள், துணி காயப்போடுகிற கிளிப் மாதிரி. பயமளவி என்று பெயர். பயம் அதிகமானால் சிவப்பு, குறைந்தால் மஞ்சள், அறவே இல்லாவிட்டால் பச்சை. பச்சை எரிந்தால்தான் டாக்டரின் அறைக்கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால் ஆறுதல் வகுப்பில் முதலிலிருந்து உட்காரவேண்டும். கூடத்தில் உள்ள எல்லாக் கிளிப்புகளின் பயத்தையும் கூட்டி, 'இன்றைய பயம்' என்று ஒரு பெரிய பலகையில் எண்ணாகக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். கழிப்பறைக்குப் போகிறவர்கள் மட்டும் கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போகவேண்டும். யாரோ முன்பு உள்ளே தவறவிட்டுவிட்டார்களாம், விலை உயர்ந்த பொருளாம்.

இன்னொரு விதி, நோயின் பெயரை அங்கே சொல்லக்கூடாது. 'விருந்தாளி' என்றுதான் சொல்லவேண்டும்.

"உங்க உடம்புக்கு விருந்தாளி வந்திருக்காரா இல்லையான்னு டாக்டர் சொல்லுவார் சார்" என்றார் ஆறுதல் அலுவலர்.

"விருந்தாளின்னா எப்பக் கிளம்புவார்னும் சேர்த்துச் சொல்லுவாங்கல்ல?" என்று கேட்டாள் என் மனைவி. அவளுக்கு வாய் அப்படி. அந்த வாயை நம்பித்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். என் விரலில் சிவப்பு எரிந்தது.

பக்கத்தில் ஒரு தையல்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலரில் ஊசி குத்தியிருந்ததால் தையல்காரர் என்று தெரிந்தது. முகம் ஒட்டிப்போயிருந்தது. தன் கிளிப்பை என்னிடம் காட்டினார், மஞ்சள்.

"எனக்கு மஞ்சள் வரைக்கும் வந்துரும் தம்பி. பச்சைக்குத் திரும்புற நேரம் பார்த்துப் பேரன் ஞாபகம் வந்து தொலைக்கும். அவ்வளவுதான், பட்டுனு சிவப்பு."

"எத்தனை நாளா வர்றீங்கண்ணே?"

"அதை எண்ணுனாலும் சிவப்பு எரியுது. எண்றதை விட்டுட்டேன்."

சிரித்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். "இப்பக் கொஞ்ச நாளா இங்க ஒரு வலி. மெஷின் மிதிக்க முடியல. முதுகுப் பிடிப்பா இருக்கும்" என்றார். எனக்கு என்னவோபோல இருந்தது. என் அண்ணன் இப்படித்தான் கையை வைத்துக்கொண்டு நிமிர்வார். முதுகு வலி, முதுகு வலி என்றே படுத்துப் போய்ச் சேர்ந்தார்.

அப்போது எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். ஆஸ்பத்திரியின் இயக்குநர் வந்தார். நல்ல கோட்டு, நல்ல பல், நல்ல தொப்பை. மேடையில் ஏறி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"அன்பர்களே! புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டுமே இயற்கை வழங்கிய பரிசு. அங்கே சில சமயம் ஒரு விருந்தாளி வந்துவிடுகிறார். யாரிடம் வருவார்? மற்ற மருத்துவமனைகளில் 'ஆபத்துக் காரணிகள்' என்று சொல்லி உங்களைக் கலவரப்படுத்துவார்கள். நாங்கள் அழைப்பிதழ்கள் என்கிறோம். முதல் அழைப்பிதழ் அனுபவம், அதாவது ஐம்பதைத் தாண்டிய வயது. இரண்டாவது அழைப்பிதழ் குடும்பப் பாசம். அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ வந்திருந்தால், உங்களையும் நலம் விசாரிக்க வருவார். மூன்றாவது, உடம்பின் செழிப்பு." இங்கே தொப்பையைத் தடவிக்கொண்டார். "இப்படிப் பார்த்தால், அன்பர்களே, பயப்பட என்ன இருக்கிறது?"

தையல்காரர் கையைத் தூக்கினார். "ஐயா, வந்தவரை அனுப்புறதுக்கு என்ன வைத்தியம்?"

"அருமையான கேள்வி. வைத்தியம் பலவிதம். அறுவை சிகிச்சை உண்டு, கதிர் உண்டு, ஹார்மோன் ஊசி உண்டு. அவசரமில்லாத விருந்தாளி என்றால் ஒன்றும் செய்யாமல் கண்காணித்துக்கொண்டும் இருக்கலாம். ஆனால் இதெல்லாம் மருத்துவம் சம்பந்தப்பட்ட விஷயம். இந்த நிர்வாகம் மருத்துவத்தில் தலையிடுவதில்லை. எங்கள் கவனம் முழுவதும் பயத்தின் மேல்தான். போன வருடம் இந்தக் கூடத்துக்கு வந்தவர்களில் ஒருவர்கூடப் பயத்தோடு இறக்கவில்லை. விருதே அதற்குத்தான் கிடைத்தது."

"அப்ப, செத்தாங்களா?" என்றாள் என் மனைவி.

"புன்னகையோடு" என்றார் இயக்குநர்.

பலகையில் எண் ஒரே தாவாகத் தாவியது. இயக்குநர் அதைப் பார்த்து முகம் சுளித்து, ஆறுதல் அலுவலரிடம் கண்ணைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார். எங்கள் எல்லோருக்கும் பலூன் கொடுக்கப்பட்டது. பயத்தை அதற்குள் ஊதி, கட்டி, மேலே விடவேண்டும். தையல்காரருக்கு ஊத மூச்சு இல்லை. அவருடைய பயத்தையும் நானே ஊதினேன்.

பலூன் முடிந்ததும் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆறுதல் அலுவலர், இந்தப் பக்கம் நானும் என் மனைவியும்.

"சும்மா பேசிட்டிருக்கலாம் சார். குடும்பத்துல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"ஒரு தம்பி இருக்கான். அண்ணன் தவறிட்டாரு, முதுகு வலில."

"முதுகு வலில யாருங்க சாவாங்க?" என்றாள் என் மனைவி.

நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அண்ணன் போய் இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் அங்கேயே அண்ணிக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அக்கா, மாமாவுக்கு உண்மையில என்ன?"

அண்ணி எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "யாரு கேக்குறா?" என்றார்.

"நான்தான் அண்ணி. எனக்கும் என்னமோன்னு ஊசி போட்டு எடுத்திருக்காங்க. இன்னும் சொல்லல."

"ஐயோ தம்பி…" என்று குரல் உடைந்துவிட்டது. "அது முதுகு வலி இல்லப்பா. கீழ, அந்த இடத்துலதான் ஆரம்பிச்சுது. எலும்புக்குப் போனப்புறந்தான் தெரிஞ்சுது. ஆம்பளைக்கு அங்க வந்துச்சுன்னு வெளிய தெரிஞ்சாக் கேவலம், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு கைல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. உங்ககிட்டச் சொல்லணும்னு அப்ப எனக்குத் தோணலப்பா. சத்தியமா தோணல."

என் கிளிப் சிவப்பு எரிந்ததோடு நிற்காமல் கூவவும் ஆரம்பித்தது. அது கூவும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். எனக்குச் சாகப் பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? அதைவிட, அண்ணன் கடைசியில் தலையணையைக் கடித்துக்கொண்டு கத்தின சத்தம் காதில் வந்து உட்கார்ந்துகொண்டது. நானும் அப்படித்தான் கத்துவேனா? எனக்குப் பிறகு என் தம்பியா? அவன் லேத் பட்டறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கிறவன். முதுகு வலிக்கிறது என்று போன வாரம்கூடச் சொன்னான். நின்று வேலை செய்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று நான் கிண்டல் பண்ணினேன்.

"என்ன சார், நல்லா வந்துட்டிருந்தீங்க, போன்ல பேசிக் கெடுத்துட்டீங்களே" என்றார் ஆறுதல் அலுவலர்.

"எங்க அண்ணனுக்கு இருந்திருக்கும்மா. இதை உடனே டாக்டர்கிட்டச் சொல்லணும்."

"தாராளமாச் சொல்லுங்க. டாக்டரைப் பார்க்கப் பச்சை வேணும் சார்."

"சொன்னாத்தான எனக்குப் பச்சை வரும்?"

"பச்சை வந்தாத்தான சார் சொல்ல முடியும்?" அவர் உண்மையிலேயே என்மேல் இரக்கப்பட்டுத்தான் பேசினார். "நீங்களாவது குறிச்சு வச்சுக்கக் கூடாதான்னு கேப்பீங்க. பயம் தர்ற தகவலை நாங்க எழுதி வைக்கிறதில்ல சார். யாராவது படிச்சுட்டா?"

மறுபடியும் முதல் வகுப்பு. மறுபடியும் பலூன். அதற்கடுத்த வாரமும் இதே கதை. சிரிப்பு வகுப்பு என்று ஒன்று நடத்தினார்கள். வட்டமாக நின்று ஹா ஹா என்று கத்தவேண்டும். அத்தனை பேரும் வயசானவர்கள். கத்திச் சிரிக்கச் சிரிக்க உள்ளே கட்டுப்பாடு போய், ஒவ்வொருவராகக் கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார்கள். ஆள் ஓடும்போதெல்லாம் பலகையில் எண் இறங்கியது. சிரிப்பு வேலை செய்கிறது என்று நிர்வாகம் அறிக்கை விட்டது.

நானும் என் தொழில் தந்திரத்தை எல்லாம் காட்டிப் பார்த்தேன். படம் எடுக்கும்போது மிரள்கிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன்: மூச்சை முழுக்க வெளியே விட்டுட்டு, உங்க வீட்டுக் கதவை நெனைச்சுக்குங்க. எப்பேர்ப்பட்ட முகமும் அப்போது இறங்கிவிடும். நான் மூச்சை விட்டேன், வீட்டுக் கதவை நினைத்தேன். கதவுக்கு வெளியே செருப்புகள் நிறையக் கிடப்பதுபோலத் தெரிந்தது. கிளிப் கூவியது.

"குடுங்க இப்படி" என்று என் மனைவி அதைப் பிடுங்கினாள். "அந்தப் பொண்ணு அந்தப் பக்கம் திரும்பியிருக்கு. என் விரல்ல மாட்டுறேன். பச்சை வந்ததும் சட்டுனு உங்க விரல்ல மாத்திக்கிட்டு ஓடுங்க. நான் என்ன உங்களை மாதிரிப் பயந்தாங்கொள்ளியா?"

மாட்டினாள். என் விரலில் எரிந்ததைவிட அடர்ந்த சிவப்பாக எரிந்தது. நின்று நின்று கூவாமல் ஒரேயடியாகக் கூவியது. அவள் அதைக் கழற்றக்கூட மறந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் பாத்திரம் உருட்டுவதும், என்னைக் கிண்டல் பண்ணுவதும், இரவில் நான் எழுந்து போகும்போதெல்லாம் அசையாமல் தூங்குவதும் எதற்கென்று எனக்கு அப்போது புரிந்தது. நான் மெதுவாகக் கழற்றி என் விரலில் மாட்டிக்கொண்டேன்.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள்.

"ஆமா" என்றேன்.

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. வழக்கம்போல முட்டிக்கொண்டும் வந்தது. கிளிப்பை மேசையில் வைத்துவிட்டுக் கழிப்பறைக்கு நடந்தேன்.

உள்ளே ஒருவர் வெள்ளைக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றிருந்தார். நரைத்த தலை. என் டாக்டரேதான். அவருக்கும் வரவில்லை என்பது நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஒரு இடம் விட்டு நானும் நின்றேன். இருவரும் சுவரைப் பார்த்துக் காத்திருந்தோம்.

"ஸ்டூடியோக்காரர்தானே?" என்றார் திரும்பாமலே. "என் லைசென்ஸ் படம் நீங்க எடுத்ததுதான். அதுல எனக்குக் கண்ணு மூடியிருக்கு."

"இன்னொண்ணு எடுத்துத் தர்றேன் சார். சார்… எங்க அண்ணனுக்கு இருந்திருக்கு. எலும்புக்குப் போயித்தான் செத்திருக்காரு. எங்களுக்குத் தெரியாது. எனக்கு என்ன சார்? தயவுசெஞ்சு சொல்லிருங்க. நான் உசிரோட இருக்கிறவரைக்கும் அந்தக் கிளிப் பச்சை காட்டாது."

அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சிவப்புல இருக்கிறவர்கிட்டச் சொன்னா எனக்கு மெமோ வரும். இந்த ஒரு இடத்துலதான் அந்தக் கிளிப் சனியன் இல்ல. கேளுங்க. புற்றுநோய்தான்."

அந்தச் சொல்லை அத்தனை நாளில் அப்போதுதான் ஒருவர் வாயிலிருந்து கேட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"விழுந்துடாதீங்க, தரை ஈரம். முழுசாக் கேளுங்க. புராஸ்டேட்ங்கறது மூத்திரப்பைக்குக் கீழ சின்ன எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு சுரப்பி. வயசானா அது வீங்கும், பாதையை நெருக்கும். நீங்க ஓடுறதுக்கும் நான் இங்க நிக்கிறதுக்கும் அந்த வீக்கந்தான் காரணம். அது வேற, இது வேற. இது பெரும்பாலும் சத்தமே போடாது. வேற தொல்லைக்காக வந்தீங்க, இது மாட்டிக்கிச்சு. எடுத்த துணுக்குல சிலதுல மட்டுந்தான் இருக்கு. ரொம்ப மூர்க்கமான ரகம் இல்ல, ரொம்பச் சாதுவும் இல்ல. ஸ்கேன்ல வெளிய எங்கயும் பரவினதாத் தெரியல. எலும்புல இல்ல."

"எலும்புல இல்லையா சார்?"

"இல்ல. சாதுவான ரகமா இருந்தா அப்பப்ப ரத்தம் பார்த்துக்கிட்டுச் சும்மாவே விடலாம். உங்களை அப்படி விடறதுக்கு எனக்கு மனசில்ல, அண்ணன் கதையும் சேர்ந்திருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம், இல்லன்னா கதிர் வைக்கலாம். பலன் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆபரேஷன் பண்ணினா கொஞ்ச காலம் மூத்திரம் கசியும். ஆம்பளை விஷயமும் முன்ன மாதிரி இல்லாமப் போகலாம். வீட்ல பேசி முடிவு பண்ணுங்க."

"நான் பொழைப்பேனா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்தக் கட்டத்துல புடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க நல்லா இருக்காங்க. பயமா இருக்கா?"

"இருக்கு சார்."

"இருக்கட்டும். உங்க தம்பி உடனே ரத்தம் பார்க்கணும். அவருக்கும் இதே வீட்டு ரத்தந்தான்."

கை துடைக்கிற காகிதம் ஒன்றை உருவி, அதில் என் முடிவைக் கிறுக்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குள் எனக்கு வந்துவிட்டது. அவர்தான் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்தேன். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைக் காட்டினேன். படித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எலும்புல இல்லைன்னு போட்டிருக்கு, பார்த்தீங்களா?" என்றாள். "நாந்தான உங்களை இழுத்துட்டு வந்தேன்" என்றும் சேர்த்துக்கொண்டாள். அது உண்மைதான்.

தம்பிக்குப் போன் போட்டேன். பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"டேய், எனக்கு முடிவு வந்துருச்சு."

"என்னண்ணே? கேக்கல."

"உடம்புல… டேய், நீயும் போய் ரத்தம் குடுக்கணும்."

"யாருக்கு ரத்தம்? சத்தமாப் பேசுண்ணே, மெஷின் ஓடுது!"

எழுந்து நின்றேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "புற்றுநோய்டா! எனக்குப் புற்றுநோய்! அண்ணனுக்கும் அதேதான், முதுகு வலி இல்ல! எனக்கு ஆரம்பத்துலயே புடிச்சுட்டாங்க! நீ இன்னைக்கே போயி பி.எஸ்.ஏ. பாரு! மெஷினை நிறுத்துடா!"

அந்தப் பக்கம் மெஷின் நின்றது. இந்தப் பக்கம் கூடமே நின்றது. ஆறுதல் அலுவலர் ஒரு பலூனை மார்போடு அணைத்துக்கொண்டு வெளிறிப்போயிருந்தார். அத்தனை கிளிப்புகளும் சிவப்பாகிக் கோரஸாகக் கூவின.

தையல்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, பச்சை வராமலே எப்படிச் சொன்னாங்க? டாக்டர் எங்க வச்சுச் சொன்னாரு?"

நான் கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினேன்.

அவர் கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு நடந்தார். அடுத்து ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். கிளிப்புகள் மேசையில் குவிந்தன. கழிப்பறை வாசலில் வரிசை ஆரம்பித்து, வளைந்து, கூடத்தின் மூலை வரைக்கும் வந்தது. "சார், எல்லாருக்கும் ஒரே நேரத்துல எப்படி சார்?" என்று ஆறுதல் அலுவலர் பின்னாலேயே ஓடினார். பலகையில் எண் சரசரவென்று இறங்கி, கடைசியில் சுழியத்தில் வந்து நின்றது. எங்கோ ஒரு மணி அடித்தது.

மணிச் சத்தம் கேட்டு இயக்குநர் ஓடி வந்தார். காலியான நாற்காலிகளைப் பார்க்கவில்லை, நேராகப் பலகையைத்தான் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"சுழியம்! நாட்டிலேயே முதல் முறை! யாராவது படம் எடுங்கள்!" என்று சுற்றுமுற்றும் பார்த்து, என்னைக் கண்டுகொண்டார். "நீங்கள் ஸ்டூடியோ வைத்திருப்பவர்தானே?" தன் போனை என் கையில் திணித்துவிட்டுப் பலகைக்குக் கீழே போய் நின்றார். "சுழியம் தெளிவாக விழவேண்டும். பயத்தை ஒழித்துவிட்டோம் என்று போட்டு அடுத்த விருதுக்கு இதைத்தான் அனுப்பப்போகிறேன்."

போனைத் தூக்கிப் பார்த்தேன். படத்தில் சுழியம் தெரிந்தது, அதற்குக் கீழே இயக்குநரின் பல் தெரிந்தது, அதற்குப் பின்னால் அந்த வரிசை தெரிந்தது. வரிசையைப் பிளந்துகொண்டு தையல்காரர் வெளியே வந்தார். எத்தனை ஆயிரம் முகம் பார்த்திருப்பேன், எனக்கு அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் வந்து சொன்னார். கையில் ஈரமான காகிதம் ஒன்று இருந்தது.

"முடிவு எப்பவோ வந்துருச்சாம் தம்பி. பச்சைக்காகக் காத்திருந்துச்சாம்." காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இப்ப எலும்புக்குப் போயிருக்கும் போலருக்கு, பார்க்கணுங்கிறாரு. அந்த ஹார்மோன் ஊசியை இன்னைக்கே ஆரம்பிச்சா அடக்கி வைக்கலாமாம். மேல மாடியாம். எனக்கு ஏற முடியுமான்னு தெரியல."

என் மனைவி ஏற்கெனவே அவருடைய ஒரு கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன தாமதம்? சிரிப்பு சரியாக இருக்கிறதா?" என்றார் இயக்குநர்.

"பிரமாதமா இருக்கு சார். தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. தோள் நேரா. அவ்வளவுதான். அப்படியே இருங்க, அசையாதீங்க" என்றேன்.

போனை நாற்காலியில் வைத்துவிட்டுத் தையல்காரரின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். எலும்பு மட்டுந்தான் கையில் தட்டுப்பட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அவருக்கும் இருந்தது, மூன்று பேருமாக ஒவ்வொரு படியாக ஏறினோம். மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கும்போது கீழே பார்த்தேன். இயக்குநர் சிரித்தபடி, சொன்ன சொல் தட்டாமல், அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.